பொருத்துவிதி (மிக்ஸ் மென்பொருள்)

பொருத்துவிதி என்பது டிஜே கட்டுப்படுத்தி ஒன்றில் உள்ள பொத்தான்கள், குமிழ்கள், நகர்த்திகள், சக்கரங்கள் ஆகியவை மிக்ஸ் மென்பொருளில் எந்தெந்தச் செயல்களை இயக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் கோப்பு ஆகும். டிஜேக்களிடையே இது மேப்பிங் என வழங்கப்படுகிறது. டிஜே கட்டுப்படுத்தி தானாக இசை எதையும் எழுப்புவதில்லை. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, எந்தக் குமிழ் எவ்வளவு திருப்பப்பட்டது என்ற செய்தியை மட்டுமே அது கணினிக்கு அனுப்புகிறது. அச்செய்திக்குப் பொருள் தருவது பொருத்துவிதியே. ஆகவே, விலை குறைந்த தொடக்கநிலைக் கருவியின் குறைகள் சிலவற்றைக் கருவியை மாற்றாமலே, பொருத்துவிதியைத் திருத்துவதன் மூலம் நீக்க இயலும்.

பின்னணி

மிக்ஸ் (இலத்தீன் எழுத்துகளில் எழுதும்போது பெயரின் இறுதியில் மூன்று எக்ஸ் எழுத்துகள் வரும்) ஒரு கட்டற்ற, திறந்த மூல டிஜே மென்பொருள் ஆகும். டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட டூ ஹாஸ்ட் ஆண்டர்சன் 2001 ஆம் ஆண்டில் இதை உருவாக்கத் தொடங்கினார். இசைத்தட்டு இயக்குநர்கள் கணினியுடன் எவ்வாறு ஊடாடுகின்றனர் என்பதை ஆராய்வதே முதல் நோக்கமாக இருந்தது. பின்னர் இது தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் திட்டமாக மாறியது. சி++ மொழியில், கியூட்டி நிரலகத்தைப் பயன்படுத்தி எழுதப்பட்டுள்ள இம்மென்பொருள் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய இயங்குதளங்களில் இது இயங்கும். இதன் 2.0 பதிப்பு 2015 திசம்பரிலும், 2.3 பதிப்பு 2021 இலும், 2.4 பதிப்பு 2024 இலும் வெளிவந்தன.

கட்டுப்படுத்திகளுள் பெரும்பாலானவை கணினியுடன் பேசுவது மிடி என்னும் நெறிமுறையில் ஆகும். வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பதற்காக 1983 இல் அறிமுகமான இந்நெறிமுறை, அடிப்படையில் பெரிய மாற்றமின்றி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. யூஎஸ்பி வழியாக மிடி செய்திகளை அனுப்புவதற்கான பொது வரையறை 1999 இல் வெளியிடப்பட்டது. இவ்வரையறையைப் பின்பற்றும் கருவிக்குத் தனி இயக்கி மென்பொருள் தேவையில்லை.

மிடி செய்தியின் அமைப்பு

பொருத்துவிதியைப் புரிந்துகொள்ள மிடி செய்தியின் அமைப்பை அறிவது இன்றியமையாதது. கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் மூன்று பைட்டுகள் கொண்ட செய்திகளை அனுப்புகின்றன.

1. நிலை எண்: செய்தியின் வகையையும் தடத்தையும் குறிக்கும். முதல் தடத்தில் 144 என்பது பொத்தான் அழுத்தப்பட்டதையும், 128 என்பது பொத்தான் விடப்பட்டதையும், 176 என்பது குமிழ் அல்லது நகர்த்தியின் அசைவையும் குறிக்கும். மிடி நெறிமுறையில் மொத்தம் 16 தடங்கள் உள்ளன. இரண்டாம் தடத்திற்கு இவ்வெண்கள் ஒன்று கூடி 145, 129, 177 என ஆகும்.
2. உறுப்பு எண்: எந்தப் பொத்தான் அல்லது எந்தக் குமிழ் என்பதைக் குறிக்கும்.
3. மதிப்பு: 0 முதல் 127 வரையிலான எண். பொத்தானுக்குப் பெரும்பாலும் 127 அல்லது 0. குமிழுக்கு அதன் அப்போதைய இடம்.

எடுத்துக்காட்டாக, 144, 11, 127 என்ற செய்தி "முதல் தடத்தின் 11 ஆம் பொத்தான் அழுத்தப்பட்டது" எனப் பொருள்படும். அது இசையைத் தொடங்கும் பொத்தானா, நிறுத்தும் பொத்தானா என்பது செய்தியில் இல்லை. கருவியின் மேல் அச்சிடப்பட்டுள்ள பெயருக்கும் செய்திக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது.

கோப்பின் அமைப்பு

மிக்ஸ் மென்பொருளின் பொருத்துவிதி ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு ஆகும். தேவைப்பட்டால் அதனுடன் ஒரு சாவாசுகிரிப்ட்டு நிரற்கோப்பும் சேர்ந்திருக்கும். எக்ஸ்எம்எல் கோப்பில் மூன்று முக்கியப் பகுதிகள் உள்ளன: கருவியையும் ஆக்கியோரையும் பற்றிய தகவல், உள்ளீடுகள், வெளியீடுகள்.

உள்ளீட்டுப் பதிவு ஒவ்வொன்றும் ஒரு நிலை எண்ணையும் ஓர் உறுப்பு எண்ணையும் மென்பொருளின் ஒரு செயலோடு இணைக்கிறது. செயல், குழுப்பெயர், விசைப்பெயர் என்னும் இரண்டால் அடையாளம் காணப்படும். "சேனல்1" என்பது இடப்பக்கத் தட்டின் குழு. "சேனல்2" வலப்பக்கத் தட்டின் குழு. "மாஸ்டர்" இரு தட்டுகளுக்கும் பொதுவான குழு. "பிளே" என்ற விசைப்பெயர் இசையை ஓட்டவும் நிறுத்தவும், "ரேட்" வேகத்தை மாற்றவும், "கிராஸ்ஃபேடர்" ஒரு தட்டிலிருந்து மற்றொன்றிற்கு ஒலியைக் கடத்தவும் பயன்படுகின்றன. கோப்பில் இப்பெயர்கள் இலத்தீன் எழுத்துகளிலேயே எழுதப்பட வேண்டும். நிலை எண்களைப் பதினாறடிமான எண்முறையில் எழுதுவது வழக்கம். அம்முறையில் 144 என்பது 90 என்றும், 128 என்பது 80 என்றும் எழுதப்படும்.

எண்ணைச் செயலோடு நேராக இணைத்தால் போதாத இடங்களில் பதிவு ஒரு சாவாசுகிரிப்ட்டுச் செயற்கூற்றின் பெயரைச் சுட்டும். செய்தி வரும்போதெல்லாம் மிக்ஸ் அச்செயற்கூற்றை அழைத்து, தடம், உறுப்பு எண், மதிப்பு, நிலை எண், குழுப்பெயர் ஆகிய ஐந்தையும் அதற்கு வழங்கும்.

பயனர் உருவாக்கும் கோப்புகள் மிக்ஸ் அமைப்புகள் இருக்கும் அடைவில் "கண்ட்ரோலர்ஸ்" என்னும் உள்ளடைவில் சேமிக்கப்படுகின்றன. மென்பொருளுடன் வரும் பொருத்துவிதி ஒன்றைப் பயனர் திருத்தினால் அதன் படியே இவ்வடைவில் சேமிக்கப்படும். மூலக்கோப்பு மாறாமல் இருப்பதால், தவறு நேர்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியும்.

கற்றல் உதவியாளர்

நிரல் எழுதத் தெரியாதவர்களும் பொருத்துவிதி அமைப்பதற்காக மிக்ஸ் மென்பொருளில் கற்றல் உதவியாளர் என்னும் வசதி உள்ளது. இதன் படிநிலைகள் பின்வருமாறு:

1. மிக்ஸைத் தொடங்கும் முன் கருவியைக் கணினியுடன் இணைக்க வேண்டும்.
2. விருப்பத்தேர்வுகளில் கட்டுப்படுத்திகள் பகுதியைத் திறந்து, கருவியின் பெயரைத் தெரிவு செய்து, அதைச் செயற்படுத்த வேண்டும்.
3. அக்கருவிக்கு ஏற்கனவே பொருத்துவிதி உள்ளதா எனப் பட்டியலில் பார்க்க வேண்டும். ஹெர்குலிஸ் டிஜேகண்ட்ரோல் இன்பல்ஸ் 200, பயோனியர் டிடிஜே-200, நுமார்க் மிக்ஸ்டிராக் போன்ற தொடக்கநிலைக் கருவிகள் சிலவற்றிற்கான பொருத்துவிதிகள் மென்பொருளுடனேயே வருகின்றன. இருப்பின் அதிலிருந்து தொடங்குவதே எளிது.
4. இல்லையெனில் கற்றல் உதவியாளரைத் திறந்து, திரையில் உள்ள ஒரு பொத்தானைச் சொடுக்கி, பின்னர் கருவியில் அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். வந்த செய்தியை மிக்ஸ் பதிவு செய்துகொள்ளும்.
5. குமிழ் எதிர்த்திசையில் இயங்கினால் "திருப்பு" என்னும் விருப்பத்தைத் தெரிவு செய்யலாம்.

ஓட்டுதல், ஒலியளவு, ஒலிச்சமன், குறுக்கு நகர்த்தி ஆகியவற்றுக்கு இம்முறை போதுமானது. சுழல் சக்கரத்தால் இசைத்தட்டைத் தேய்ப்பது போன்றவற்றிற்கு நிரற்கோப்பு தேவைப்படும்.

தொடக்கநிலைக் கருவிகளின் குறைகளும் தீர்வுகளும்

வேக நகர்த்தியின் நுணுக்கம்

இரண்டு பாடல்களின் தாள அடிகளைச் செவியால் கேட்டு ஒன்றுசேர்ப்பது டிஜே கலையின் அடிப்படைப் பயிற்சி ஆகும். இதற்கு வேக நகர்த்தி பயன்படுகிறது. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் இந்நகர்த்தி 128 நிலைகளை மட்டுமே அனுப்பும்.

வேக வரம்பு கூட்டலிலும் கழித்தலிலும் 8 விழுக்காடு எனக் கொண்டால், மொத்தம் 16 விழுக்காடு 127 படிகளாகப் பிரிகிறது. ஒரு படி ஏறத்தாழ 0.126 விழுக்காடு ஆகும். தேவையான வேகம் இரண்டு படிகளுக்கு நடுவில் அமைந்தால் 0.063 விழுக்காடு பிழை தவிர்க்க இயலாதது. ஒரு நிமிடத்தில் இப்பிழை 38 மில்லிநொடியாகவும், இரண்டு நிமிடங்களில் 76 மில்லிநொடியாகவும் சேரும். நிமிடத்திற்கு 120 அடிகள் கொண்ட பாடலில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 500 மில்லிநொடி மட்டுமே உள்ளது. ஆகவே சரியாகச் சேர்த்த தாளங்களும் சிறிது நேரத்தில் இரட்டை அடியாகக் கேட்கத் தொடங்கும். பயில்வோர் இதைத் தம் செவியின் குறையாகக் கருதக்கூடும். உண்மையில் அக்கருவியில் அவ்வேகத்திற்குரிய படியே இல்லை.

இதற்குப் பொருத்துவிதியிலும் அமைப்புகளிலும் பின்வரும் தீர்வுகள் உள்ளன.

- வரம்பைக் குறைத்தல்: வேக வரம்பை 4 விழுக்காடாகக் குறைத்தால் ஒரு படி 0.063 விழுக்காடாகச் சிறுக்கும், பிழை பாதியாகும். ஆனால் வேகம் மிகவும் வேறுபட்ட பாடல்களைச் சேர்க்க இயலாது.
- நுண்படிப் பொத்தான்கள்: வேகத்தைச் சிறிய அளவில் நிலையாக மாற்றும் செயலை, பயன்படாத இரு பொத்தான்களுக்கு அளிக்கலாம். அப்படியின் அளவை விருப்பத்தேர்வுகளில் 0.05 விழுக்காடு என அமைத்தால், மிகுதியான பிழை நிமிடத்திற்கு 15 மில்லிநொடியாகக் குறையும்.
- 14 பிட்டு முறை: சில கருவிகள் நகர்த்தியின் ஒவ்வோர் அசைவிற்கும் இரண்டு செய்திகளை அனுப்பும். இரண்டாம் செய்தியின் உறுப்பு எண் முதலாவதைவிட 32 கூடுதலாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால் 16,384 நிலைகள் கிடைக்கும். அப்போது பிழை நிமிடத்திற்கு ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. முதல் செய்தியை மட்டும் பொருத்தினால் கருவியில் இருக்கும் நுணுக்கமே வீணாகிவிடும்.

மென்கையேற்பு

நகர்த்தியின் இடமும் மென்பொருளில் உள்ள மதிப்பும் வேறுபடும் நிலை அடிக்கடி நேரும். நுண்படிப் பொத்தான்களால் வேகத்தை மாற்றிய பின்னரோ, ஒரே நகர்த்தியை இரு தட்டுகளுக்கு மாறி மாறிப் பயன்படுத்தும்போதோ இவ்வாறு ஆகும். அந்நிலையில் நகர்த்தியைச் சற்றே தொட்டாலும் மதிப்பு திடீரெனத் தாவும். ஒலியளவாயின் அரங்கம் அதிரும். பதிவில் மென்கையேற்பு விருப்பத்தைச் சேர்த்தால், நகர்த்தி மென்பொருளின் மதிப்பை நெருங்கும்வரை அதன் அசைவுகளை மிக்ஸ் பொருட்படுத்தாது. நெருங்கிய பின்னரே கட்டுப்பாடு நகர்த்தியின் கைக்கு வரும்.

சுழல் சக்கரம்

சுழல் சக்கரத்திற்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. எனவே அது இடத்தை அனுப்பாமல் அசைவின் திசையையும் அளவையும் அனுப்புகிறது. சில கருவிகளில் முன்னோக்கிய அசைவு 1 என்றும் பின்னோக்கிய அசைவு 127 என்றும் வரும். வேறு சிலவற்றில் 64 நடுவாகக் கொள்ளப்பட்டு 65, 63 என வரும். இம்முறையை முதலில் கண்டறியாவிட்டால் சக்கரம் ஒரே திசையில் மட்டும் ஓடும், அல்லது கட்டுக்கடங்காமல் தாவும்.

தேய்ப்பதற்கான செயற்கூற்றுக்கு ஒரு முழுச் சுற்றில் சக்கரம் எத்தனை அசைவுகளை அனுப்புகிறது என்ற எண்ணும், இசைத்தட்டின் சுழற்சி வேகமும், அசைவைச் சீராக்கும் இரு எண்களும் தேவை. சுழற்சி வேகம் பொதுவாக நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகள் எனக் கொள்ளப்படும். சீராக்கும் எண்களுக்கு 1/8, அதன் 32 இல் ஒரு பங்கு ஆகியவை தொடக்க மதிப்புகளாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

அசைவு எண்ணிக்கையை அளக்க எளிய வழி உண்டு. சக்கரத்தின் விளிம்பில் சிறு ஒட்டுநாடாவை ஒட்டி, மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பதிவேட்டில் வந்த மதிப்புகளைக் கூட்ட வேண்டும். விரைந்து சுற்றினால் ஒரே செய்தியில் 2, 3 போன்ற மதிப்புகள் வருமாதலால் செய்திகளை மட்டும் எண்ணுவது பிழையாகும். 33⅓ வேகத்தில் ஒரு சுற்று 1.8 நொடி இசைக்குச் சமம். 128 அசைவுகள் கொண்ட சக்கரத்தில் ஓர் அசைவு ஏறத்தாழ 14 மில்லிநொடி இசையை நகர்த்தும். உண்மையில் 256 அசைவுகள் உள்ள சக்கரத்தை 128 எனக் குறித்தால், அரைச் சுற்றிலேயே முழுச் சுற்றின் இசை நகர்ந்துவிடும்.

மாற்று விசை

சிறிய கருவிகளில் பொத்தான்கள் குறைவு. ஷிப்டு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போது மற்றப் பொத்தான்களுக்கு இரண்டாம் பொருள் தருவதன் மூலம் இக்குறை ஈடுசெய்யப்படுகிறது. சில கருவிகளில் ஷிப்டு அழுத்தப்பட்டதும் மற்றப் பொத்தான்களின் எண்களே மாறும். அவற்றிற்கு எக்ஸ்எம்எல் பதிவுகள் போதும். எண்கள் மாறாத கருவிகளில், ஷிப்டு அழுத்தப்பட்டுள்ளதா என்பதை நிரற்கோப்பு ஒரு மாறியில் நினைவில் வைத்திருக்க வேண்டும். பாடலை ஏற்றுதல் போன்று, தவறி அழுத்தினால் இசை தடைப்படும் செயல்களை ஷிப்டுக்குப் பின்னால் வைப்பது பாதுகாப்பானது.

விளக்குகள்

வெளியீட்டுப் பகுதி, மென்பொருளின் நிலையைக் கருவியின் விளக்குகளுக்கு அனுப்புகிறது. இசை ஓடும்போது 144, 11, 127 என்ற செய்தி கருவிக்குச் சென்றால் ஓட்டுப் பொத்தானின் விளக்கு எரியும். மதிப்பு 0 எனச் சென்றால் அணையும். இப்பகுதி இல்லாமலும் கருவி இயங்கும். ஆயினும் இருண்ட அரங்கில் எந்தத் தட்டு ஓடுகிறது என்பதை விளக்கே காட்டும்.

முன்கேட்பு

அடுத்த பாடலை அவையோர் கேட்காமல் ஹெட்போனில் மட்டும் கேட்பதற்கு இரண்டு தனி ஒலி வெளியீடுகள் தேவை. சில கருவிகளில் ஒலியட்டை உள்ளமைந்துள்ளது. 2019 இல் வெளிவந்த பயோனியர் டிடிஜே-200 போன்றவற்றில் அது இல்லை. அவ்வாறாயின் கூடுதலாக ஒரு யூஎஸ்பி ஒலியட்டையைப் பயன்படுத்தலாம். இயலாதபோது, மிக்ஸின் ஹெட்போன் பிரிப்பு வசதியின் மூலம் ஒரு பக்கத்தில் முன்கேட்பும் மறுபக்கத்தில் பொது ஒலியும் வருமாறு செய்து, பிரிப்பு வடத்தால் இரண்டையும் பிரிக்கலாம். இம்முறையில் இரண்டுமே ஒற்றைத்தட ஒலியாக மாறும்.

பொதுவான வழுக்கள்

- பொத்தானை விட்ட பின்னும் செயல் தொடர்தல்: கியூ பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மட்டும் இசை ஓட வேண்டும். பொத்தான் விடப்படும் செய்தியான 128 ஐப் பொருத்தாவிட்டால் இசை ஓடிக்கொண்டே இருக்கும். சில கருவிகள் 128 க்கு மாற்றாக, மதிப்பு 0 கொண்ட 144 ஐ அனுப்பும். மிடி நெறிமுறைப்படி இரண்டும் ஒன்றே.
- ஒரு தட்டு மட்டும் இயங்குதல்: முதல் தட்டின் பதிவுகளைப் படியெடுக்கும்போது நிலை எண்ணையும் குழுப்பெயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.
- தாமதம்: பொத்தானுக்கும் ஒலிக்கும் இடையே இடைவெளி தோன்றினால் அது பெரும்பாலும் பொருத்துவிதியின் குறை அன்று. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில், 1,024 மாதிரிகள் கொண்ட இடையகம் 23.2 மில்லிநொடித் தாமதத்தையும், 256 மாதிரிகள் கொண்டது 5.8 மில்லிநொடித் தாமதத்தையும் தரும். மிகவும் குறைத்தால் ஒலி விட்டுவிட்டு வரும்.
- காரணம் அறியாத பிழைகள்: மிக்ஸைக் கட்டுப்படுத்தி வழுநீக்க முறையில் தொடங்கினால், வரும் செய்திகள் அனைத்தும் பதிவேட்டில் எழுதப்படும். செய்தி பதிவேட்டில் இருந்தால் பிழை பொருத்துவிதியில் உள்ளது. செய்தியே இல்லையெனில் வடம், இணைப்பு அல்லது கருவியில் உள்ளது.

ஒத்திசைவுப் பொத்தான்

இரு பாடல்களின் வேகத்தை மென்பொருளே சேர்த்துவிடும் ஒத்திசைவுப் பொத்தானைப் பற்றி டிஜேக்களிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உள்ளது. இது செவிப்பயிற்சியைக் கெடுக்கும் என்பது ஒரு சாரார் கருத்து. இயந்திரம் செய்யக்கூடிய வேலையை அதனிடம் விட்டுவிட்டுப் பாடல் தேர்வில் கவனம் செலுத்தலாம் என்பது மறுசாரார் கருத்து. பொருத்துவிதி இரண்டிற்கும் இடமளிக்கிறது. பயில்வோர் அப்பொத்தானுக்கு நுண்படிச் செயலை அளித்து, ஒத்திசைவை ஷிப்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். மென்பொருள் தாள அடிகளைத் தவறாகக் கணித்த பாடல்களில் ஒத்திசைவு பயன் தராது. அந்நேரத்தில் செவியும் வேக நகர்த்தியும் மட்டுமே துணை.

பகிர்வும் கருவியின் ஆயுளும்

கருவியின் உற்பத்தியாளர் இயக்கியையோ உடன்வரும் மென்பொருளையோ புதுப்பிப்பதை நிறுத்தினால், நல்ல நிலையிலுள்ள கருவியும் பயனற்றுப்போகக்கூடும். 2019 இல் வெளிவந்த மேக் இயங்குதளத்தின் 10.15 பதிப்பு 32 பிட்டு நிரல்களுக்கான ஆதரவை நீக்கியபோது, அதுவரை புதுப்பிக்கப்படாதிருந்த நிரல்கள் அதில் இயங்காமல் போயின. ஆனால் யூஎஸ்பி மிடி பொது வரையறையைப் பின்பற்றும் கருவி அனுப்பும் எண்கள் மாறுவதில்லை. அவ்வெண்களை விளக்கும் கோப்பு ஒன்று இருந்தால், கருவி தொடர்ந்து இயங்கும்.

இக்கோப்பு வெறும் உரைக்கோப்பு ஆதலால் எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் இயலும். பயனர்கள் உருவாக்கிய பொருத்துவிதிகள் மீளாய்வுக்குப் பின் மிக்ஸின் அடுத்த பதிப்புகளில் சேர்க்கப்படுகின்றன. ஒரு கருவியின் உரிமையாளர் தம் தேவைக்காக எழுதிய கோப்பு, அதே கருவியை வாங்கும் அடுத்தவருக்கு ஆயத்தமாகக் கிடைக்கிறது.

பிற மென்பொருட்களில்

நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிராக்டர், விர்ச்சுவல்டிஜே ஆகிய தனியுரிமை மென்பொருட்களிலும் இத்தகைய வசதி உண்டு. டிராக்டர் டிஎஸ்ஐ என்னும் கோப்பு வகையையும், விர்ச்சுவல்டிஜே தனக்கென ஒரு குறுநிரல் மொழியையும் பயன்படுத்துகின்றன. கோப்பு வகைகள் வேறுபடுவதால் ஒன்றின் பொருத்துவிதியை மற்றொன்றில் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. ஆயினும் கருவி அனுப்பும் மிடி எண்களின் பட்டியலை ஒருமுறை தயாரித்து வைத்தால், மிடி வழி இயங்கும் எந்த மென்பொருளுக்கும் அது உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

- மிடி
- கட்டற்ற மென்பொருள்
- சாவாசுகிரிப்ட்டு
- எக்ஸ்எம்எல்
- ஒலியட்டை